இரண்டு புரூனோக்கள்

1

அக்டோபர் ஆறாம் தேதி புனித புரூனோவின் திருநாள். என் பெயருக்குரிய புனிதர் என்பதால், என் மனைவி ஸ்டெல்லா ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை கிள்ளானில் உள்ள எங்கள் பங்குக் கோவிலில் எனக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பாள். சென்ற ஆண்டும் அப்படித்தான். பூசை முடிந்து காரில் ஏறப்போகும்போது கைபேசி அடித்தது. தெரியாத எண். ஒரு பெண், தமிழில் பேசினார்.

"ஹலோ, இது மிஸ்டர் புரூனோ நம்பரா? நான் ஆஸ்பத்திரி வார்டுலேருந்து நர்ஸ் பேசுறேன். ஒரு பேஷண்ட் ஸ்ட்ரோக் வந்து கெடக்குறாரு. பேச முடியல. கொண்டு வந்து விட்ட ஆளு இவரு பேரு புரூனோன்னு சொன்னான். பாக்கெட்டுல ஒரு பேப்பர்ல புரூனோன்னு எழுதி இந்த நம்பர் இருந்துச்சு. இவரோட வீட்டு நம்பர்னு நெனச்சு அடிச்சேன். நீங்க யாரு அங்கிள்?"

"நானும் புரூனோதாம்மா" என்றேன்.

 பிறகு, "அப்ப இவரு யாரு அங்கிள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவன் எங்கிருந்து வந்திருப்பான் என்றுகூடக் கேட்காமல் தெரிந்தது. பந்திங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். அவனை நான் கடைசியாகப் பார்த்துப் பதினான்கு வருடமாகியிருந்தது.

2

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குப் புரூனோ என்ற பெயர் விநோதமாகத் தெரியாது. தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊர்களில் அது சாதாரணப் பெயர். இங்கே அது நாய்களின் பெயர். எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், மூன்றாம் வீட்டுச் சீனர் ஒரு புரூனோ வளர்க்கிறார். மாலையில் அவர் அதைக் கூப்பிடும்போது, இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருந்த பிறகும், நான் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறேன். என் மகள் ஷெரன் கல்லூரிப் படிவங்களில் அப்பா பெயரை எழுதும்போது தோழிகள் எட்டிப் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொள்வாளாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் ஊரில் என் வயதில் நான்கு புரூனோக்கள். காரணம் அப்போதிருந்த பங்குச் சாமியார். அவர் இளமையில் அந்தப் புனிதரின் சபையில் சேர்ந்து தனிமையில் வாழ ஆசைப்பட்டவர். ஆயர் அவரைக் கொண்டுவந்து, விடிந்தது முதல் மீன் ஏலச் சத்தம் கேட்கும் எங்கள் ஊரில் போட்டார். தனக்குக் கிடைக்காததை அவர் எங்களுக்குப் பெயராக வைத்தார் போலிருக்கிறது.

மறைக்கல்வி வகுப்பில் அவர் சொன்ன கதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வாழ்ந்தவர் புரூனோ. பெரிய பேராசிரியர். பேராயர் பதவி அவருக்குத்தான் வரும் என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறு பேருடன் பனி மூடிய மலைக்குப் போய்விட்டார். ஆளுக்கொரு சிறு குடிசை. பேச்சு கிடையாது. ஆறு ஆண்டுகளில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் பாப்பரசராகி அவரை ரோமுக்கு அழைத்தார். கீழ்ப்படிந்து போனார். அங்கே இருக்க முடியாமல் மறுபடி வேறொரு காட்டுக்குப் போனார். முதல் மலைக்கு அவர் திரும்பவே இல்லை. அந்நிய மண்ணில் செத்தார்.

"அவருக்கு அந்த மலை ஞாபகம் வந்திருக்காதா சாமி?" என்று கேட்டது இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கும் புரூனோதான்.

"வந்திருக்கும். ஆனா அவரு யார்கிட்டயும் சொல்லல" என்றார் சாமியார்.

3

நாங்கள் இருவரும் ஒரே விமானத்தில் வந்தோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொள்கலன்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறை. நானும் அவனும் வெல்டர்கள். கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் அறை. பட்டறையில் குழப்பம் வரக்கூடாது என்று மேற்பார்வையாளர் எங்கள் தலைக்கவசங்களில் ஒன்று, இரண்டு என்று பெயிண்டால் எழுதினார். அவன் புரூனோ ஒன்று. நான் புரூனோ இரண்டு. அது வயதுக்கணக்கு என்றுதான் சொன்னார்கள். அவன் எனக்கு இரண்டு நாள் மூத்தவன்.

வேலையிலும் அதுதான் வரிசை. நான் சாதாரண வெல்டிங் செய்வேன். அவன் ஆர்கான் வெல்டிங் செய்வான். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் அவன் போட்ட ஒட்டுக்கு மேல் விரலை ஓட்டினால் தடமே தெரியாது.

மூன்றாம் வருடம் ஷா ஆலமில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒரு பொறியாளர் எங்கள் பட்டறைக்கு வந்தார். உணவுத் தொழிற்சாலைகளுக்கு எவர்சில்வர் தொட்டிகள் செய்யும் இடம் அது. புரூனோ ஒரு குழாயை ஒட்டிக்கொண்டிருந்ததை அரைமணி நேரம் நின்று பார்த்தார். பெயர் கேட்டுக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ‘திரு. புரூனோ, வெல்டர்’ என்று மட்டும் போட்டிருந்தது. அந்த நேரம் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான். எழுத்தர் என்னிடம் கொடுத்தார்.

யாருக்கு வந்த கடிதம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னை நான் நம்பவைக்க முடிந்ததில்லை.

அறைக்குப் போய் அவனிடம் நீட்டினேன். படித்தான். மறுபடி படித்தான்.

"ஒனக்குத்தான குடுத்தாவ?" என்று கேட்டான்.

"ஆமா."

"அப்ப நீயே போ லே" என்றான். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, துவைத்த சட்டையைக் கொடியில் போடப் போனான்.

‘இல்லலே, இது ஒனக்கு வந்தது’ என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. அவன் சட்டையை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். நான் கீழே சாப்பிடப் போனேன்.

என்னைப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்துகொண்டுதான் ஷா ஆலமுக்குப் போனேன். அந்தப் பொறியாளர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். முகம் தெரிந்தவர் யாருமில்லை. ஆர்கான் வெல்டிங் நன்றாகச் செய்வாயாமே என்றார்கள். ஆமாம் என்றேன். கையில் காயம் என்று பொய் சொல்லிச் சில வாரம் சின்ன வேலைகளாகச் செய்தேன். அந்த வாரங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பட்டறைக்குப் போவேன். புரூனோ எனக்கு ஆர்கான் வெல்டிங் சொல்லிக்கொடுத்தான். என் மணிக்கட்டைப் பிடித்து, "அவசரப்படாத. உருகுறதப் பாரு. அது சொல்லும் எப்ப நகரணும்னு" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வேலைக்குக் கிடைத்த விசா வேறு வகை. அதனால் இந்த நாட்டில் தங்க முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடும்பத்தில் பிறந்த ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்ய முடிந்தது. இன்று என் பையில் இருக்கும் நிரந்தரவாசியின் சிவப்பு அட்டை, கிள்ளான் வீடு, ஷெரன், எல்லாமே அந்தக் கடிதத்திலிருந்து வந்தவை.

பழைய பட்டறை அடுத்த சில மாதங்களில் மூடப்பட்டது. மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள். அவன் போகவில்லை. ஊரில் மனைவியும் ஆறு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று நினைத்தானோ, இன்னொரு வேலை கிடைக்கும் என்று நம்பினானோ. ஓர் ஒப்பந்தக்காரருடன் பந்திங் போனான். வேலை பெர்மிட் முடிந்தது. கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், யாரோ ஒரு முகவரிடம் போய் அப்படியே காணாமல் போனது.

முதல் வருடம் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். பிறகு பதினான்கு வருடத்துக்கு முன் ஒருமுறை. தோட்டத்தின் கடைசியில், வேறு வீடே இல்லாத இடத்தில், தகரக் குடிசை ஒன்றில் காவலாளாக இருந்தான். போலீஸுக்குப் பயந்து டவுன் பக்கம் போவதை விட்டிருந்தான். ஊருக்குப் பேசுகிறாயா என்றேன். "பேசி என்ன சொல்ல?" என்றான். என் நம்பரைக் கேட்டு அவனே எழுதிக்கொண்டான். அந்த எண்ணை நான் இன்றுவரை மாற்றவில்லை. அவன் ஒருநாளும் கூப்பிடவில்லை.

4

வார்டில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டிலைக் காட்டினார். எலும்பும் வெள்ளைத் தாடியும். வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. கண் மட்டும் அதே கண். என்னைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"புரூனோ" என்றேன். வாய் கோணி ஒரு சத்தம் வந்தது. என்ன என்று புரியவில்லை.

பதிவு மேசையில் இருந்த மலாய்ப் பெண் உறவு என்ன என்று கேட்டார். நண்பன் என்றேன். நோயாளியின் முழுப் பெயர் கேட்டார். புரூனோ என்றேன். உங்கள் பெயர்? புரூனோ. அவர் நிமிர்ந்து பார்த்தார். இருவருக்கும் ஒரே பெயர் என்று மலாயில் சொல்லப்போய், பதற்றத்தில் வார்த்தை முன்பின்னாகி, "நாங்கள் ஒரே ஆள்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கனிவாக, "பாக்சிக், மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். பாக்சிக் என்றால் சித்தப்பா, பெரியப்பா மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் கடப்பிதழில் பெயர் எப்படி எழுதியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. எண் தெரியாது. இருபத்தாறு வருடத்துக்கு முன் வந்த ஒரு மனிதன் இந்தியன்தான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தூதரகத்தில் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள்: பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, உறவினரின் கடிதம். குடிநுழைவுத் துறையிலும் முறையாகத்தான் சொன்னார்கள்: முதலில் பயண ஆவணம் கொண்டு வாருங்கள், பிறகு வெளியேறும் அனுமதி. ஆவணத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் ஊரில்.

படிவங்களை எல்லாம் ஷெரன்தான் கணினியில் நிரப்பினாள். எனக்கு அது வராது. ஒருநாள் நிரப்பிக்கொண்டே கேட்டாள்:

"பா, இந்த அங்கிள் உங்கள விட நல்ல வெல்டர்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் உங்களுக்கு மட்டும் ஷா ஆலம் வேல கெடச்சிச்சு?"

சமையலறையில் ஸ்டெல்லா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். அவளிடமும் நான் சொன்னதில்லை. அன்று இருவருக்கும் சொன்னேன். ஷெரன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்ஸ் சோ சேட் லா, பா" என்றாள். பிறகு ஆங்கிலத்திலேயே, அடுத்த கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னிடம் அவள் பேசுவது மிகவும் மரியாதையாக இருக்கிறது. அந்த மரியாதையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

5

ஊர்க்காரர் ஒருவர் மூலம் அவன் மகள் ஜெனியின் எண் கிடைத்தது. அவளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி ஒரு குழந்தை.

நான் யார் என்று சொன்னேன். அவள் அப்பா உயிரோடு இருப்பதைச் சொன்னேன்.

"மாமா, நீங்க என்ன சொல்லுதீங்க? நாங்க வருஷம் தவறாம அவருக்கு ஆத்துமப் பூசை வச்சுக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

"அம்மா?"

"அம்மா போயி மூணு வருஷமாச்சு. கல்லறையில அவரு பேரையும் சேத்துத்தான் வெட்டியிருக்கு."

அவனை ஊருக்கு அனுப்ப அவள் கடிதம் வேண்டும் என்றேன்.

"என் மாமியார் வீட்டுல அப்பா இல்லாத பிள்ளைன்னுதான் கட்டிக்கிட்டாங்க. இப்ப போயி இருக்காருன்னு எப்படிச் சொல்ல? அவரு எங்களத் தேடவே இல்லையே மாமா. நான் ஏன் தேடணும்?"

அவள் கேட்டது நியாயம். ஆனால் அவள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. இரண்டு வாரம் கழித்து அவளே அழைத்தாள். கோவிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எங்கள் சாமியாரின் கையெழுத்து. ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, இரண்டு புரூனோக்கள். தகப்பன் பெயரைப் பார்த்துத்தான் அவன் எது, நான் எது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. கூடவே, ‘இவர் என் தந்தை’ என்று அவள் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் இருந்தது.

அதற்குள் ஆஸ்பத்திரியில் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார்கள். அம்பாங்கில் ஒரு தமிழ்த் தம்பதி நடத்தும் நோயாளர் இல்லத்தில் சேர்த்தேன். ஞாயிறுதோறும் போனேன். கஞ்சி ஊட்டினேன். தாடியை மழித்தேன். பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அவனுக்கு நாம் சொல்வதில் எவ்வளவு புரிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

காகிதங்கள் வர ஐந்து மாதமாயிற்று. அவன் ஊருக்குப் போவதற்கு முந்திய ஞாயிறு கட்டிலருகே உட்கார்ந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அந்த லெட்டர் ஒனக்குத்தாம்லே வந்தது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் விரல்களை இறுக்கினான். நல்ல பிடி. அந்த இல்லத்து அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்தவர் பார்த்துவிட்டு, "அவரு அப்படித்தான் அண்ணே. கையில எத வச்சாலும் புடிச்சிக்குவாரு. நேத்து ஸ்பூன விடவே மாட்டேன்னுட்டாரு" என்றார்.

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டேன்.

6

நானே கூடப் போயிருக்கலாம். லீவு கேட்டால் கிடைத்திருக்கும். ஊருக்கு விடுமுறையில் போகும் ஒருவரை ஏற்பாடு செய்தேன். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் உள்ளே போகும்வரை நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து வளையுமா என்றும் எனக்குத் தெரியாது.

திருச்சியில் ஜெனி வேனோடு வந்து காத்திருந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவதாகத்தான் பேச்சு. ஆனால் வேன் நேராக அவள் வீட்டுக்குப் போனது என்று பிறகு தெரிந்தது. மாமியாரிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் அவள் அழைத்தாள். அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், கடல் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறான் என்றாள். பிறகு தயங்கினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அவரு எப்படிப்பட்ட ஆளு? எனக்கு ஒண்ணுமே தெரியாதுல்லா. அவராலயும் சொல்ல முடியாது. நீங்க ஒருத்தருதான் கூட இருந்திருக்கீங்க."

"நல்லா வெல்டிங் பண்ணுவான்மா" என்றேன். "அவன மாதிரி செய்ய ஆளு கிடையாது."

"அப்புறம் ஏன் மாமா காட்டுல போயி இருந்தாரு?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். கடிதம் யாருக்கு வந்தது, யார் வாங்கிக்கொண்டது, அவன் என்ன கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம். சொல்லி முடித்தேன்.  அந்தப் பக்கம் குழந்தை எதையோ கீழே தட்டிவிட்ட சத்தம் கேட்டது.

"அப்பா முழிச்சிட்டாவ. நான் வைக்கிறேன் மாமா" என்றாள்.

அதுவரை ஆறு மாதத்தில் அவள் ஒருமுறைகூட அவனை அப்பா என்று சொன்னதில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் நான் அழைக்கிறேன். மணி அடித்து ஓய்கிறது.